ரயில் பாதையோரத்து அப்பாக்கள்: ஜப்பானியப் படங்களில் புறநகர்

கேள்வி இது: அமெரிக்கப் படங்களில் புறநகர் என்றதும் ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. புல்வெளி, கார் ஷெட், வெளியே சிரிப்பு, உள்ளே புழுக்கம். ஜப்பானியப் படங்களில் அப்படி ஏதாவது உண்டா? அங்கே ஒன்று டோக்கியோ, இல்லாவிட்டால் கிராமம். நடுவில் எதுவுமே இல்லாததுபோலத் தெரிகிறதே?

உண்டு, நிறையவே உண்டு. ஜப்பானியக் குடும்பப் படங்கள் என்று நாம் கொண்டாடுகிறவற்றில் பல, புறநகர்ப் படங்கள்தான். கண்ணில் படாததற்குக் காரணம், நாம் காரையும் புல்வெளியையும் தேடுகிறோம். அங்கே தேட வேண்டியது ரயிலை. அதற்கு அடுத்தபடியாக, அந்த ரயிலில் போய்வரும் அப்பாவைக் கவனித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் 1932-இலிருந்து இன்றுவரை ஒரே கோடாகப் படங்கள் வரிசையில் நிற்கும்.

முதலில் ரயில். ஜப்பானில் புறநகரை உருவாக்கியதில் பெரும்பங்கு தனியார் ரயில் கம்பெனிகளுடையது. 1910-இல் ஒஸாகா பக்கம் இச்சிஸோ கோபயாஷி நடத்திய கம்பெனி (இதுதான் பின்னாளில் ஹான்கியூ ஆனது) வயல்வெளிக்கு நடுவே ஒரு பாதை போட்டது. வண்டி ஓடினால் போதுமா, ஏற ஆள் வேண்டுமே? பாதையோரம் இகேதாவில் மனை பிரித்து, வீடு கட்டி, மாதத் தவணைக்கு விற்றார். ஒரு முனையில் தகராஸுகாவில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவைத் தொடங்கினார். மறுமுனையில் உமேதா நிலையத்திலேயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்தார். வீடு, ஆபீஸ் போகும் வண்டி, வீட்டுக்காரம்மா துணி எடுக்கும் கடை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு எல்லாம் ஒரே முதலாளியுடையவை. மற்ற கம்பெனிகளும் இதே வழியில் போயின.

டோக்கியோவில் இதற்கு வேகம் கொடுத்தது 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி பூகம்பம். பழைய நகரம் எரிந்தது. மாதச் சம்பளக்காரர்கள் மேற்கிலும் தெற்கிலும் ரயில் போகிற பக்கமாக நகர்ந்தார்கள். அந்தத் தெற்கு விளிம்பில், கமாதாவில், 1920 முதலே ஷோச்சிக்கு கம்பெனியின் ஸ்டூடியோ இருந்தது. அதன் தலைவர் ஷிரோ கிடோவுக்கு வாள்வீச்சுப் படங்களைவிடச் சாதாரணக் குடித்தனக்காரர்களின் சிரிப்பும் அழுகையும்தான் வேண்டியிருந்தன. அப்படிப்பட்ட கதைகளுக்குத் தோதான தெருக்கள் ஸ்டூடியோ கேட்டைத் தாண்டியதும் கிடைத்தன. பாதி கட்டின வீடு, மின்கம்பம், காலி மனை, நடுவே ஓடும் மின்சார ரயில்.

அந்த இயக்குநர்களில் ஒருவர் யசுஜிரோ ஓஸு. 1932-இல் அவர் எடுத்த மௌனப் படம் 'ஐ வாஸ் பார்ன், பட்...'. 'பிறந்தது என்னவோ பிறந்துவிட்டேன், ஆனால்...' என்று ஒரு பெருமூச்சு மாதிரியான தலைப்பு. இந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் விதை இங்கே இருக்கிறது.

முதல் காட்சியில் சாமான் ஏற்றிவந்த லாரியின் சக்கரம் சேற்றில் புதைந்து, சுற்றுகிறதே தவிர நகரவில்லை. புதுக் குடியிருப்பு, இன்னும் சாலை போடவில்லை. சென்னையைச் சுற்றி எந்தப் புது நகரில் மழைக்காலத்தில் குடிபோனவர்களுக்கும் இது புரியும். அப்பா இறங்குகிறார். வீட்டில் சாமான் இறக்காமல் முதல் வேலையாக முதலாளி வீட்டுக்குப் போய் மரியாதை தெரிவிக்கிறார். முதலாளியும் இதே பகுதியில்தான் இருக்கிறார். இவர் இங்கே வீடு பார்த்ததற்குக் காரணமே அதுதான் என்று ஆபீஸில் பேச்சு.

இரண்டு பையன்கள். புதுப் பள்ளிக்கூடம், தெருவில் ஏற்கெனவே ராஜ்ஜியம் நடத்தும் ஒரு தடியன். அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள். எழுத்துப் பயிற்சித் தாளில் 'மிக நன்று' என்று போட்டுத்தரச் சொல்லி மதுக்கடைப் பையனைப் பிடிக்கிறார்கள். பிறகு மெல்ல மெல்லத் தெருவை வசப்படுத்துகிறார்கள். முதலாளியின் மகனே இவர்கள் சொன்னபடி கேட்கிறான். யார் அப்பா பெரியவர் என்ற பேச்சு வரும்போது, எங்கள் அப்பாதான் என்பதில் இவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் முதலாளி வீட்டில் அவரே எடுத்த சினிமாவைத் திரையில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அதில் அப்பா முகத்தைக் கோணலாக்கி, கண்ணை உருட்டி, முதலாளி சிரிக்கவேண்டும் என்பதற்காகக் கோமாளித்தனம் செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பையன்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நேராகக் கேட்கிறார்கள்: ஏன் அவருக்குக் குனிந்து கும்பிடுகிறீர்கள்? அவர்தானே சம்பளம் தருகிறார், அதில்தானே நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்கிறார் அப்பா. அப்படியானால் வாங்காதீர்கள், நாங்கள் சாப்பிடவில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, என்னை மாதிரி கூழைக்கும்பிடு போடுகிறவர்களாக இவர்கள் ஆகிவிடக்கூடாது என்ற கவலையோடு அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று வருகிறது. நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் அப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

படம் முழுக்கப் பின்னணியில் ரயில் போய்க்கொண்டே இருக்கும். பையன்கள் சண்டை போடும்போதும் போகும், அப்பா உடற்பயிற்சி செய்யும்போதும் போகும். முதல் தடவை பார்த்தபோது யதேச்சை என்று நினைத்தேன். யதேச்சை இல்லை. இந்தக் குடும்பத்தை இங்கே கொண்டுவந்து போட்டது அந்தத் தண்டவாளம்தான். இன்னொரு இடத்தில் பள்ளி மைதானத்தில் அணிவகுத்து நடக்கும் பிள்ளைகளை ஒட்டியே கேமரா நகர்கிறது. அடுத்த காட்சியில் அதே நகர்வு, ஆபீஸ் மேஜைகளை ஒட்டி. வரிசையாகக் குமாஸ்தாக்கள் கொட்டாவி விடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் போய்ச் சேரப்போகும் இடத்தை ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிவிட்டார்.

போருக்குப் பிறகு வந்த 'டோக்கியோ ஸ்டோரி' (1953) எல்லோருக்கும் தெரிந்த படம். அதைப் பெற்றோர்-பிள்ளைப் பாசப் படமாக மட்டுமே பேசுகிறோம். ஆனால் ஒனோமிச்சியிலிருந்து அவ்வளவு தூரம் வந்த கிழவருக்கும் கிழவிக்கும் முதல் ஏமாற்றம் இடம்தான். மகன் டோக்கியோவில் டாக்டர் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்து பார்த்தால் ஊர்க்கோடியில், வீட்டு முன்னறையிலேயே சின்ன கிளினிக். இன்னும் கலகலப்பான இடம் என்று நினைத்தோம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பெருநகரத்தில் இருக்கிறான் என்பதற்கும் பெருநகரத்தின் ஓரத்தில் இருக்கிறான் என்பதற்கும் உள்ள தூரம், அந்த ஒரு பேச்சில் வந்துவிடுகிறது.

ஓஸுவைப் 'பழைய ஜப்பானின் கவிஞர்' என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. புதிதாக முளைத்த குடியிருப்புகளையும் வாஷிங் மெஷினையும் டெலிவிஷனையும் அவர் அளவுக்கு ஆர்வமாகப் பார்த்தவர்கள் குறைவு. சாட்சி, 1959-இல் வந்த 'குட் மார்னிங்'. ஆற்றங்கரை மேட்டை ஒட்டி ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சமையலறை. மாதர் சங்கச் சந்தா வந்து சேரவில்லை; அதே நேரத்தில் சங்கத் தலைவி வீட்டில் புது வாஷிங் மெஷின் இறங்கியிருக்கிறது. போதாதா? தெருவே முணுமுணுக்கிறது. கடைசியில் பார்த்தால் அந்த அம்மாளின் வயதான தாய் பணத்தை வாங்கி வைத்துவிட்டு மறந்திருக்கிறார். டெலிவிஷன் வைத்திருக்கும் ஒரு இளம் ஜோடி, கேபரேக்காரர்கள் என்ற வம்புப் பேச்சு தாங்காமல் வீட்டைக் காலி செய்து போகிறார்கள்.

அந்த டெலிவிஷனில் சுமோ பார்க்கப் போய்த்தான் பையன்கள் திட்டு வாங்குகிறார்கள். எங்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று அடம். அதிகப் பேச்சு பேசாதே என்கிறார் அப்பா. பெரியவர்கள்தான் வீண் பேச்சு பேசுகிறீர்கள், காலை வணக்கம், நல்ல வெயில், எங்கே கிளம்பியாயிற்று, சும்மா இப்படித்தான் என்று திருப்பிச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மௌன விரதம் தொடங்குகிறார்கள். 1932-இல் சோறு வேண்டாம் என்றார்கள். 1959-இல் பேச்சு வேண்டாம் என்கிறார்கள். போராட்டத்தின் எடை குறைந்திருக்கிறது, கவனியுங்கள். அப்போது கேட்டது அப்பாவின் மானம், இப்போது கேட்பது டிவி. அந்த வருஷம் ஏப்ரலில் பட்டத்து இளவரசர் கல்யாணம் நடந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஜப்பான் முழுக்க ஜனங்கள் டெலிவிஷன் வாங்கினார்கள். மே மாதம் படம் வெளியானது. டிவியும் வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் 'மூன்று புனிதப் பொருள்கள்' என்று பேசப்பட்ட காலம்.

பையன்கள் சொன்ன அந்த 'வீண் பேச்சு'க்குப் பதில் கடைசியில் ரயில்வே பிளாட்பாரத்தில் வருகிறது. ஒருவரையொருவர் விரும்பும் இருவர், சொல்லத் தைரியம் இல்லாமல், நல்ல வெயில், ஆமாம் நல்ல வெயில், அந்த மேகம் பாருங்கள் வேடிக்கையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே நிற்கிறார்கள். வண்டிக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் அந்த ஊரில் காதலிக்க முடியும்.

அப்புறம் மரவீடுகள் போய்க் கான்கிரீட் வந்தது. 1955-இல் அரசு வீட்டுவசதிக் கழகம் தொடங்கி, 'டான்ச்சி' என்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் புறநகர் எங்கும் எழுப்பினார்கள். நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி என்று தோன்றும். ஆனால் ஆரம்பத்தில் அது படித்த, நல்ல வேலையில் இருந்த இளம் தம்பதிகளின் கனவு வீடு. இளவரசரும் இளவரசியும் 1960-இல் ஹிபாரிகாவோகா டான்ச்சியைப் பார்க்க வந்தார்கள் என்றால் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். சமையலும் சாப்பாடும் ஒரே அறையில், மேஜை நாற்காலியில். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு இரும்புக் கதவு, அதில் பூட்டு. 'குட் மார்னிங்' தெருவில் யார் வேண்டுமானாலும் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே வருவார்கள். இங்கே பூட்டிக்கொள்ளலாம். பகலெல்லாம் தனியாக இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

அதைத் தொட்ட படம் சுசுமு ஹானியின் 'ஷீ அண்ட் ஹீ' (1963). டான்ச்சியில் குடியிருக்கும் மனைவி. அவள் பால்கனிக்கு எதிரேயே பழைய பேப்பர், பழைய சாமான் பொறுக்கி விற்கிறவர்களின் குடிசைகள். அங்கே இருக்கும் ஒருவன் அவள் கணவனோடு கல்லூரியில் படித்தவன். ஒரு நாயும் கண் தெரியாத சிறுமியும் அவனோடு இருக்கிறார்கள். அவள் அந்தப் பக்கம் போகப் போக, கணவனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பிடிக்கவில்லை. வில்லன் யாரும் இல்லை. கணவன் நல்லவன்தான், பூட்டைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே என்று நினைக்கும் நல்லவன். மனைவியாக நடித்த சச்சிகோ ஹிதாரிக்கு 1964 பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. புறநகரை ஒரு பெண்ணின் பகல் பொழுதிலிருந்து பார்த்த படங்கள் ஜப்பானில் இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பெரும்பாலான படங்களில் அம்மா சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறாள், அவ்வளவோடு சரி.

எண்பதுகளுக்கு ஒரே படம் போதும்: யோஷிமித்சு மொரிதாவின் 'தி ஃபேமிலி கேம்' (1983). அடுக்குமாடிக் குடும்பம் நீளமான மேஜையின் ஒரே பக்கத்தில், கச்சேரி மேடையில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசவேண்டுமென்றால் கீழே இறங்கிப்போய்க் காரில் உட்கார்ந்து பேச வேண்டும். பையனுக்கு ட்யூஷன் எடுக்க வரும் ஆள்தான் கடைசியில் அந்த மேஜையைக் கவிழ்க்கிறான். பரீட்சையும் மார்க்கும் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. டோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகள். அங்கே சுமார் 2,900 ஹெக்டேரில் தாமா நியூ டவுன் என்று ஒரு நகரத்தை 1965-இல் திட்டமிட்டு, குன்றுகளை வெட்டி, பள்ளங்களை நிரப்பி, 1971-இல் முதல் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அந்தக் குன்றுகளைப் பற்றி ஜிப்லி ஸ்டூடியோ அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு அனிமேஷன் படங்கள் எடுத்தது. 1994-இல் இசாவோ தகஹதாவின் 'போம் போகோ'. 1995-இல் யோஷிஃபுமி கோண்டோவின் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

முதல் படத்தில் குன்றுகளின் பழைய குடிகளான தனுகிகள், நரி ஜாடையில் இருக்கும் உருமாறும் விலங்குகள், புல்டோசரை எதிர்த்து நிற்கின்றன. வித்தை எல்லாம் திரட்டி, ஒரு ராத்திரி குடியிருப்புக்கு நடுவே பேய் ஊர்வலம் நடத்துகின்றன. பயந்து ஓடுவார்கள் என்று பார்த்தால் ஜனங்கள் பால்கனியில் நின்று கைதட்டுகிறார்கள். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்காக்காரர், அது எங்கள் விளம்பரம்தான் என்று சொல்லிவிடுகிறார். தோற்றுப்போன தனுகிகளில் உருமாறத் தெரிந்தவை மனிதர்களாகி, கோட்டு போட்டு, நெரிசல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகின்றன. 1932-இன் அப்பா முகத்தைக் கோணலாக்கினார். இவை உடம்பையே மாற்றிக்கொள்கின்றன.

இரண்டாவது படத்தின் நாயகி ஷிசுகு, அந்தக் குன்றுகளின் பக்கத்தில் செய்ஸெகி-சகுராகாவோகாவில் வளரும் பள்ளிப் பெண். 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' என்ற அமெரிக்கப் பாட்டை, சொந்த ஊருக்குப் போகும் சாலையைப் பற்றியது, ஜப்பானிய மொழியில் எழுதிப் பார்க்கிறாள். அவளுக்கு ஊர் என்று ஒன்று இருந்தால்தானே? எனவே காடு வெட்டிப் பள்ளம் மேடாக்கிய கான்கிரீட் சாலையைப் பற்றி அதே மெட்டில் வேறொரு பாட்டு எழுதித் தோழியோடு சிரிக்கிறாள். ஆனால் படம் போகப் போக அந்தச் சரிவுகளும் படிக்கட்டுகளும், மேட்டிலிருந்து தெரியும் நகரமும் அவளுக்கு ஊராகிவிடுகின்றன. யாருடைய வீட்டையோ இடித்துக் கட்டிய இடம்தான், ஆனாலும் அங்கே பிறந்த பிள்ளைக்கு அதுதான் சொந்த ஊர். இந்த இரண்டு உண்மையையும் ஒரே படத்துக்குள் அடைக்காமல் இரண்டு படமாக எடுத்தது பெரிய காரியம். செய்ஸெகி-சகுராகாவோகா நிலையத்தில் இப்போது வண்டி வரும்போது அந்த அமெரிக்கப் பாட்டின் மெட்டைத்தான் ஒலிக்க வைக்கிறார்கள்.

2008-இல் கியோஷி குரோசாவா (புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு உறவில்லை) எடுத்த 'டோக்கியோ சொனாட்டா' நேராக 1932-க்குத் திரும்புகிறது. மறுபடியும் தண்டவாளத்தை ஒட்டிய வீடு, அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். அப்பாவின் துறையை கம்பெனி சீனாவுக்கு மாற்றிவிடுகிறது, வேலை போகிறது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் கோட்டு போட்டுக் கிளம்பி, பூங்காவில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார். அங்கே பழைய பள்ளித் தோழன் ஒருவனும் அதே நிலையில் இருக்கிறான். அவன் செல்போனை ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறை தானாக அடிக்கும்படி வைத்திருக்கிறான். அடித்ததும் எடுத்து, பெரிய வியாபாரம் பேசுவதுபோல நடந்துகொண்டே பேசுகிறான். எதிர்முனையில் ஆளே கிடையாது. முதலாளி முன்னால் முகத்தைக் கோணலாக்கவாவது 1932-இல் ஒரு முதலாளி இருந்தார்.

பிள்ளையின் கண் இங்கேயும் தப்பவில்லை. வகுப்பில் ஆசிரியர் கண்டித்ததும், நீங்கள் ரயிலில் ஆபாசப் படக்கதை படித்ததை நான் பார்த்தேன் என்று சின்னவன் சொல்லிவிடுகிறான். அத்தோடு அந்த ஆசிரியரின் அதிகாரம் முடிந்தது. பார்த்தது எங்கே? ரயிலில்தான். அதே பையன் சாப்பாட்டுக் காசில் ரகசியமாகப் பியானோ கற்றுக்கொள்கிறான். கடைசியில் அவன் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸியின் இசையை வாசிக்கும்போது அப்பா நின்று கேட்கிறார். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை, வசனம் இல்லை, கைதட்டல்கூட இல்லை. மூவரும் எழுந்து போகிறார்கள். கான் விழாவின் 'அன் செர்டன் ரிகார்ட்' பிரிவில் இதற்கு நடுவர் பரிசு கிடைத்தது.

டான்ச்சிக்கு வயதானால் என்ன ஆகும் என்பதை ஹிரோகஸு கோரே-எடா 'ஆஃப்டர் தி ஸ்டார்ம்' (2016) படத்தில் காட்டினார். படமெடுத்த கியோஸே பக்கத்து டான்ச்சி, அவரே ஒன்பது வயதிலிருந்து இருபத்தெட்டு வரை வாழ்ந்த இடம். இளம் தம்பதிகளின் கனவாக இருந்த வீடுகளில் இப்போது தனியாக இருக்கும் பாட்டிகள். பால்கனியில் மகன் சின்ன வயதில் நட்ட ஆரஞ்சுச் செடி, பூக்கவும் இல்லை, காய்க்கவும் இல்லை, அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். புயல் ராத்திரியில் அந்த மகன், இப்போது அவனே விவாகரத்தான ஓர் அப்பா, தன் பையனைக் கூட்டிக்கொண்டு ஆக்டோபஸ் வடிவச் சறுக்குமரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறான். அவன் அப்பாவும் அவனை அப்படித்தான் ஒரு புயலில் கூட்டிப் போயிருந்தார்.

எதில் தொடங்குவது என்று கேட்டால்: மூன்று படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் 1932, 1959, 2008, இந்த வரிசையில் பாருங்கள். மௌனப் படம் தானே என்று முதலாவதைத் தள்ளிவிடாதீர்கள். அதன் கடைசிக் காட்சி ஒரு லெவல் கிராசிங். கேட் போட்டிருக்கிறது, ரயில் போகிறது. இந்தப் பக்கம் அப்பாவும் இரண்டு பையன்களும், அந்தப் பக்கம் காரில் முதலாளி. அப்பா கால் தயங்கி நிற்கிறார். போங்கள் அப்பா, போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று பையன்களே சொல்கிறார்கள். அவர் போகிறார்.